மேட்டுக்கு வெளியே தொடங்குங்கள்: அகழாய்வுக்கு முந்தைய புவி இயற்பியல் அளவாய்வு

ஈமமேட்டைப் பார்த்ததும் கண் அதன் உச்சிக்குப் போகிறது; கண் போன இடத்துக்குக் கடப்பாரையும் போகிறது. புதையல் தேடியவர்கள், 19ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்கள், பின்னால் வந்த முறையான ஆய்வாளர்களில் பலர், எல்லோருமே முதல் குழியை மேட்டின் நடுவில்தான் இறக்கினார்கள். ரேடாரும் காந்தமானியும் வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. மேட்டின் மீது மட்டும் கட்டம் கட்டி, நடுவில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கருவியை மூட்டை கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த அத்தியாயம் அதற்கு எதிரானது. அளவாய்வின் முதல் கோடு மேட்டுக்கு வெளியே, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வெறும் நிலத்தில் தொடங்க வேண்டும். மேடு என்பது ஓர் ஈமக்காட்டில் ஏர் படாமல் தப்பிப் பிழைத்த ஒரு துண்டு. அந்தத் துண்டை வைத்து முழுதையும் எடைபோட முடியாது.

நடு என்பதே நம்பத்தக்க இடமில்லை என்பதற்கு இங்கிலாந்தின் சட்டன் ஹூ நல்ல சான்று. 1939இல் பேசில் பிரவுன் அங்கே முதலாம் மேட்டைத் திறந்தபோது, 27 மீட்டர் நீளக் கப்பலின் தடமும் அதன் நடுவே கொள்ளை போகாத ஈம அறையும் வெளிப்பட்டன. அவருக்கு முன்பே புதையல் தேடிகள் அந்த மேட்டில் ஆழமாகக் குழி இறக்கியிருந்தார்கள். ஆனால் அறையைத் தவறவிட்டார்கள். மேட்டின் மேற்கு முனையை உழவு அரித்துவிட்டதால், கண்ணுக்குத் தெரிந்த நடு உண்மையான நடுவிலிருந்து விலகிப்போயிருந்தது. கட்டியவர்களே நடுவை ஏமாற்று இடமாக விட்டதும் உண்டு. தென் சைபீரியாவின் துவாப் பகுதியில் உள்ள அர்ஜான் 2 மேட்டில், நடுப்பகுதியில் இருந்த இரண்டு குழிகள் வெறுமையாகக் கிடந்தன; பொன் குவிந்த முதன்மைக் கல்லறை நடுவை விட்டுத் தள்ளி இருந்தது. 2001இல் அது கைக்குக் கிடைத்தது அந்த ஏற்பாட்டின் புண்ணியத்தில்தான்.

இவை மேட்டுக்குள் நடந்த கதைகள். மேட்டுக்கு வெளியே என்ன கிடக்கலாம் என்பதை நார்வேயின் தென்கிழக்கில், ஹால்டன் நகராட்சியைச் சேர்ந்த யெல்லெஸ்டாட் காட்டியது. அங்கே யெல் மேடு என்ற பெரிய ஈமமேடு பல நூற்றாண்டுகளாகக் கண்முன் நிற்கிறது. அதை ஒட்டிய வயலில் வடிகால் வெட்ட நில உரிமையாளர் அனுமதி கேட்டார். மாவட்டத் தொல்லியலாளர்கள் நேராகக் குழி வெட்டிச் சோதிக்காமல், நார்வே பண்பாட்டு மரபு ஆய்வு நிறுவனத்தை அழைத்து ரேடார் அளவாய்வு செய்யச் சொன்னார்கள். 2018இல் மோட்டார் வண்டியில் பொருத்திய பல வழி ரேடார் வயல் முழுவதும் ஓடியது. சமதளமாகக் கிடந்த அந்த வயலில் வட்ட வட்டமாக அகழிகளின் தடங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் உழுது கரைக்கப்பட்ட ஒரு மேடு. அவற்றில் ஒன்றின் உள்ளே, தரைமட்டத்திலிருந்து அரை மீட்டர் ஆழத்திலேயே, ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கப்பலின் உருவம் இருந்தது. அருகில் நீள்வீடுகளின் தூண்குழிகளும் தெரிந்தன. யெல் மேட்டின் மேல் மட்டும் கட்டம் கட்டியிருந்தால் இவற்றில் ஒன்றுகூடச் சிக்கியிருக்காது. வடிகால் வெட்டும் இயந்திரம்தான் அந்தக் கப்பலை முதலில் சந்தித்திருக்கும்.

கரைந்துபோன மேடு கருவிக்குத் தெரிவது ஏன் என்று புரிந்துகொண்டால், எங்கே அளப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மேடு கட்ட மண் வேண்டும். அந்த மண்ணைப் பெரும்பாலும் சுற்றிலும் அகழி வெட்டி எடுத்தார்கள். ஏர் மேட்டைக் கரைத்து வயலோடு வயலாக்கும். ஆனால் ஏர்முனைக்குக் கீழே போன அகழியைத் தொடாது. காலப்போக்கில் மேல்மண்ணும் மக்கும் சருகும் சாம்பலும் அந்த அகழியை நிரப்புகின்றன. இந்த நிரப்பு மண் சுற்றியுள்ள கன்னி மண்ணைவிட ஈரத்தை அதிகமாகப் பிடிக்கும். காந்த ஏற்புத் தன்மையும் அதற்குச் சற்றுக் கூடுதல். ஆகவே ஈரத்துக்கு எதிர்வினை தரும் ரேடாரும் மின்தடைமானியும், காந்தத்துக்கு எதிர்வினை தரும் காந்தமானியும் அதை வளையமாகக் காட்டுகின்றன. தமிழகத்தின் கல்வட்டங்களிலும் இதற்கு நிகரான நிலை உண்டு. வட்டக் கற்களைக் கட்டடத்துக்கும் ஜல்லிக்கும் பெயர்த்துக்கொண்டு போன பிறகும், கல் நின்ற குழி நிலத்தில் இருக்கிறது. அதில் பிற்கால மண் நிரம்பியிருக்கிறது. கல் இல்லாத இடத்தில் கல்வட்டம் இல்லை என்று வரைபடத்தில் எழுதிவிடக் கூடாது. ஆதிச்சநல்லூர் போன்ற தாழிக்காடுகளில் தனித்தனி மேடுகளே கண்ணில் படுவதில்லை. தாழிகள் சரளையிலும் பாறையிலும் வெட்டிய குழிகளுக்குள் இறங்கி இருக்கின்றன. அத்தகைய இடத்தில் உச்சியைத் தேடுவது பொருளற்றது.

அப்படியானால் கட்டத்தை எவ்வளவு அகலமாக விரிப்பது? மேட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம் அடிவாரத்திலிருந்து நாற்புறமும் போக வேண்டும் என்பது என் கணிப்பு. 20 மீட்டர் விட்ட மேட்டுக்கு இது 60 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஆகும். அருகருகே பல மேடுகள் இருந்தால் தனித்தனிச் சதுரங்களாகப் பிரிக்காமல் இடைப்பட்ட நிலத்தையும் சேர்த்து ஒரே பரப்பாக அளக்க வேண்டும். இடைவெளிதான் பெரும்பாலும் அதிகம் பேசும். கட்டத்தின் மூலைகளை ஜிபிஎஸ் கருவியால் சென்டிமீட்டர் துல்லியத்தில் பதிந்து, இரண்டு நிலையான குறிகளையாவது நிலத்திலேயே விட்டுவர வேண்டும். அழகான படம் கையில் இருந்தும் அது நிலத்தில் எங்கே என்று அரை மீட்டருக்குள் சொல்ல முடியாவிட்டால், அகழ்பவருக்கு அதனால் பயனில்லை.

ரேடாரைப் பொறுத்தவரை, படம் காட்டுவது நேரத்தை. ஆழத்தை நாம்தான் கணக்கிடுகிறோம். அலை கீழே போய்த் திரும்பும் நேரத்தை மண்ணில் அதன் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம். வேகம் நானோ நொடிக்கு 0.1 மீட்டர் என்று கொண்டால், 40 நானோ நொடியில் திரும்பும் அலை 2 மீட்டர் ஆழத்திலிருந்து வருகிறது. மண் காய்ந்த மணலாக இருந்து வேகம் 0.15 ஆக இருந்தால் அதே அலை 3 மீட்டரிலிருந்து வருகிறது. ஒரு மீட்டர் பிழையில் ஒரு கல்லறையே மாறிவிடும். எனவே கருவியில் முன்பே பதிந்த வேகத்தை நம்பாமல், படத்தில் தெரியும் வளைவரைகளின் வடிவத்திலிருந்தோ, அருகில் ஆழம் தெரிந்த ஒரு பொருளை வைத்தோ அந்த இடத்தின் வேகத்தைக் கண்டறிய வேண்டும். கோடுகளுக்கிடையிலான தூரம் தேடும் பொருளைப் பொறுத்தது. யெல்லெஸ்டாட்டில் ஓடியது போன்ற பல வழிக் கருவிகளில் அது 10 சென்டிமீட்டர் அளவுக்கு நெருக்கமானது. ஒற்றை வழிக் கருவியைத் தள்ளிக்கொண்டு 60 சென்டிமீட்டர் அகலத் தாழியைத் தேடுகிறவர், 25 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் இரண்டு கோடுகளாவது தாழியைக் கடக்கும் என்ற உறுதி குறைந்துகொண்டே போகும். ஒரு மீட்டர் இடைவெளியில் நடந்துவிட்டுத் தாழி இல்லை என்று எழுதுவதைவிட, அளக்காமல் விடுவது நேர்மை.

மேட்டின் சரிவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆன்டெனா சரிவோடு சாய்கிறது. அலை செங்குத்தாகக் கீழே போகாமல் சரிவுக்குச் செங்குத்தான திசையில் போகிறது. 15 பாகைச் சரிவில் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பொருள், அரை மீட்டர் தள்ளிப் படத்தில் விழும். மேட்டின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாக அளந்து, உயரத்தோடு சாய்வையும் சேர்த்துத் திருத்தாத ரேடார் படத்தை மேட்டின் விஷயத்தில் ஏற்கக் கூடாது. வெளிநிலம் பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் இந்தத் தொல்லை அங்கே இல்லை; வெளியே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே மண்ணின் இயல்பான முகத்தைப் பார்த்துப் பழகிய பிறகு மேட்டுக்குள் போனால், எது மனிதர் செய்தது, எது மண்ணின் குணம் என்று பிரிப்பது எளிது. கரிசல் மண்ணில் ரேடாரை எடுக்கவே வேண்டாம். ஈரக் களிமண் அலையை விழுங்கிவிடும். தேரிமணலிலும் வறண்ட ஆற்று வண்டலிலும் அது சிறப்பாக வேலை செய்யும். குவித்த கற்களாலான கற்குவையில் ஒவ்வொரு கல்லும் அலையைச் சிதறடிப்பதால், உள்ளே இருக்கும் பதுக்கை தெரியாமல் போகலாம்.

காந்தமானியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஐரோப்பியக் கையேடுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் மண்ணில் தவறிப்போகும் கருவி இதுதான். தென் இங்கிலாந்தில் புவிகாந்தக் கோடுகள் 65 பாகைக்கும் மேல் சாய்ந்து நிலத்துக்குள் இறங்குகின்றன. அங்கே புதைந்த அகழி அல்லது குழி, படத்தில் பெரும்பாலும் கருமையான உயர்புள்ளியாகத் தெரியும். வடபுறம் ஒரு மெல்லிய தாழ்வு ஒட்டியிருக்கும். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், திருநெல்வேலிப் பக்கம் காந்தக் கோடுகள் ஏறத்தாழக் கிடையாகவே இருக்கின்றன. இங்கே அதே குழியின் மேல் மொத்தக் காந்தப்புலம் தாழ்ந்து, வடக்கிலும் தெற்கிலும் சிறு உயர்வுகளைக் காட்டும். ஐரோப்பியப் படத்தோடு ஒப்பிட்டுப் பழகியவர் இந்தத் தாழ்வை வெற்றிடம் என்று எண்ணிக் கடந்துவிடுவார். இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. வடக்கு-தெற்காக நீளும் அகழியின் திசையிலேயே புலமும் ஓடுவதால், அதன் இரு முனைகளைத் தவிர நடுப்பகுதி படத்தில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஒரு வட்ட அகழி இங்கே முழு வளையமாகத் தெரியாமல், வடக்கிலும் தெற்கிலும் இரு வளைந்த கீற்றுகளாகத் தெரியலாம். இரு கீற்றுகளைக் கண்டு இரண்டு அகழிகள் என்று எழுதாமல், ஒரே வட்டமா என்று முதலில் கேட்க வேண்டும்.

தாழியின் கதை வேறு. சுட்ட மண் சூளையில் ஆறும்போது அன்றைய காந்தத் திசையைத் தனக்குள் பதிந்துகொள்கிறது. பிறகு அதை எடுத்துச் சென்று, திருப்பி, குழிக்குள் இறக்குகிறார்கள்; பதிந்த திசையும் அதனோடு திரும்பிவிடுகிறது. ஆகவே அருகருகே உள்ள இரண்டு தாழிகள் படத்தில் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. உடைந்து நொறுங்கிய தாழியின் ஓடுகள் ஒன்றையொன்று பெரிதும் சமன்செய்து மங்கிவிடவும் கூடும். மேலும், தமிழகத்தின் பல கல்வட்டங்களில் நிற்கும் சார்னக்கைட், நைஸ் பாறைகளில் காந்த இரும்புக் கனிமம் கணிசமாக இருக்கலாம். அந்தக் கற்களின் பெரும் கூச்சல் உள்ளே இருக்கும் தாழியின் முணுமுணுப்பை அமுக்கிவிடும். நேரமும் முக்கியம். காந்த நடுக்கோட்டின் மேல் அயனி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தால், நண்பகலை ஒட்டிப் புலம் நூறு நானோ டெஸ்லா அளவுக்குக்கூட ஏறி இறங்கும். ஓர் ஈமக்குழி தரும் மாற்றமோ சில நானோ டெஸ்லாதான். இந்த மின்னோட்டத்தை ஆராயவே இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. ஒற்றை உணரியோடு நடப்பவர் கட்டாயம் ஒரு நிலையான தளக்கருவியை அருகில் ஓடவிட்டு, அதன் அளவைக் கழிக்க வேண்டும். இரு உணரிகளின் வேறுபாட்டை எடுக்கும் கருவிக்கு இந்தத் தொல்லை பெரிதும் இல்லை.

மின்தடை அளவிக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை. அரை மீட்டர் இடைவெளிக் கம்பிகள் அரை மீட்டர் முதல் முக்கால் மீட்டர் வரைதான் பார்க்கும். வெளிநிலத்து அகழிகளுக்கு அது போதும், உயர்ந்த மேட்டின் அடியில் உள்ள அறைக்குப் போதாது. அதற்கு நீண்ட கம்பி வரிசை வேண்டும். எட்டும் ஆழம் வரிசை நீளத்தில் ஐந்தில், ஆறில் ஒரு பங்கு என்று வைத்துத் திட்டமிடலாம். ரேடாரைக் கோடையிலும் மின்தடையை மழை ஓய்ந்து நிலம் சற்று உலர்ந்த பிறகும் எடுப்பது நல்லது. எலும்புபோல் காய்ந்த செம்மண்ணில் மின்னோட்டம் இறங்கவே இறங்காது.

இத்தனை அகலமாக அளக்கப் பணமும் ஆளும் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஒரு ஹெக்டேரை அரை மீட்டர் இடைவெளியில் ஒற்றைக் கருவியோடு அளப்பது 20 கிலோமீட்டர் நடை. ஆனால் மேட்டின் மேல் மட்டும் அளந்து, தவறான இடத்தில் பத்துக்குப் பத்து மீட்டர் குழி ஒன்றை ஒரு பருவம் முழுக்க வெட்டுவதற்கு ஆகும் கூலியோடு ஒப்பிட்டால் அந்த நடை மலிவு. பணம் உண்மையிலேயே குறைவு என்றால் பரப்பைக் குறைக்காமல் முறையைப் படியாக்குங்கள்: முழுப் பரப்பையும் காந்தமானியால் விரைவாகக் கடந்து, ஐயம் தந்த இடங்களில் மட்டும் ரேடாரை நெருக்கமாக ஓட்டலாம். எப்படியும் தோண்டத்தானே போகிறோம், பிறகு எதற்கு முன்னோட்டம் என்பது இன்னொரு வாதம். ஒரு முறை தோண்டிப் பார்த்ததால் மேடு தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு நார்வேயின் கார்மோய் தீவில் உள்ள சால்ஹுஸ் மேடு சாட்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அகழ்ந்த ஹோகோன் ஷெட்டலிக் சில மர மண்வெட்டிகளும் அம்புமுனைகளும் மட்டுமே கிடைக்க, ஏமாற்றத்தோடு விட்டுவிட்டார். 2022இல் எடுத்த ரேடார் அளவில் அதே மேட்டுக்குள் 20 மீட்டர் நீளமுள்ள கப்பல் வடிவச் சமிக்ஞை தெரிந்தது.

படம் பொய் சொல்லாதா என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம். சொல்லும், சொல்லியும் இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றியுள்ள நிலத்தை அளந்த பெரும் திட்டம் பல அறியப்படாத நினைவிடங்களை வெளிப்படுத்தியது. அதே திட்டத்தின் தரவைக் கொண்டு, டரிங்டன் வால்ஸ் மண்கரையின் அடியில் 90 வரை நெடுங்கற்கள் கிடக்கின்றன என்று 2015இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு தோண்டிப் பார்த்தபோது கற்கள் இல்லை. பெரிய மரத்தூண்கள் நின்று, பின் பெயர்க்கப்பட்டு, சுண்ணக் கல்தூள் நிரப்பிய குழிகள் இருந்தன. எதிர்வாதிகள் இதைக் கருவியின் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவி சொன்னது, வரிசையாக இத்தனை இடங்களில் மண் மாறியிருக்கிறது என்பதை. அது சரியாகவே இருந்தது. கல் என்று பெயர் வைத்தது மனிதர்கள். யெல்லெஸ்டாட்டிலும் ரேடார் கப்பலின் வடிவத்தைச் சரியாகக் காட்டியது. ஆனால் 2020இல் முழு அகழாய்வு தொடங்கிய பிறகு தெரிந்தது மரத்தின் பெரும்பகுதி மக்கிவிட்டது என்பதும், பலகைகளை இணைத்த இரும்பு ஆணிகளே அதிகம் எஞ்சியிருந்தன என்பதும்தான். வடிவம் தெரிவதால் பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்று கருதக் கூடாது. ஆகவே அறிக்கையில், “தாழி”, “அறை”, “கப்பல்” என்ற பெயர்கள் விளக்கப் பத்தியில் மட்டும் வரட்டும். அளவுப் பத்தியில் இடம், பரப்பு, ஆழ வரம்பு, வேறுபாட்டின் அளவு என்று எழுதினால் போதும்.

இதன் மறுபக்கத்தையும் கட்டடத் திட்டக்காரர்களிடம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது நிலம் வெறுமை என்பதற்கான சான்றிதழ் ஆகாது. சட்டன் ஹூவின் அமில மணலில் எலும்பே கரைந்து, உடலின் வடிவம் மட்டும் சற்று இறுகிய, நிறம் மாறிய மணலாக எஞ்சியது. 1980களில் தொடங்கிய மார்ட்டின் கார்வரின் ஆய்வில் அப்படிப்பட்ட உடல்கள் பல கிடைத்தன. கிழக்கு ஓரத்தில், மேடுகளுக்கு வெளியே, தண்டனையாகக் கொல்லப்பட்டவர்களின் குழிகள். மணலுக்குள் மணலாகக் கிடக்கும் குழியில் எந்தக் கருவியும் பற்றிக்கொள்ள அதிகம் இருக்காது. இங்கே என் வாதத்துக்கே ஒரு வரம்பு இருப்பதை ஏற்க வேண்டும்: வெளிநிலத்தை அகலமாக அளந்தாலும் சிலவற்றை அகலமாகத் திறந்துதான் காண முடியும். அதனால்தான் அகழாய்வுக் குழிகளைத் திட்டமிடும்போது, ஐயம் தந்த இடங்களோடு நிறுத்தாமல், படத்தில் வெறுமையாகத் தெரிந்த இடங்களில் சிலவற்றையும் கட்டாயம் திறக்கச் சொல்கிறேன். வெறுமை என்று சொன்ன இடம் எத்தனை முறை வெறுமையாக இருந்தது என்று தெரிந்தால்தான் மீதிப் படத்துக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்று கணிக்க முடியும்.

குழியை வேறுபாட்டின் மேலேயே சதுரமாக வைக்காமல், அதன் விளிம்பை வெட்டிக்கொண்டு பாதி உள்ளே பாதி வெளியே போகும்படி நீள்குழியாக வையுங்கள். கருவி பிடித்த மாற்றம் எந்த மண்ணடுக்கில் தொடங்குகிறது என்பது அந்த வெட்டுமுகத்தில்தான் தெரியும். ஒவ்வொரு மண்ணடுக்கிலிருந்தும் சிறிது மண் எடுத்துக் காந்த ஏற்பையும் ஈரத்தையும் அளந்து, படத்தோடு ஒப்பிட்டு, விளக்கத்தைத் திருத்துங்கள். திருத்திய விளக்கம் அடுத்த பருவத்தின் வெளிநிலக் கோடுகளுக்கு உதவும். முழு ஆயத்தொலைவுகளோடு கூடிய படத்தைத் தொல்லியல் துறையின் கோப்பில் சேர்க்கலாம். ஊர்க்கூட்டத்திலோ நாளிதழிலோ காட்டும் படத்தில் அளவுகோலும் கட்ட எண்களும் வேண்டாம். அகழத் தொடங்கும் வரையில் ஐயம் தந்த இடங்களில் முளைக்குச்சியோ வண்ணக்கொடியோ அடித்து வைக்காதீர்கள். கட்டத்தின் மூலைகளில், தரைக்குக் கீழே புதைத்த இரண்டு கல்குறிகள் போதும்.